இரண்டாவது பையில் மட்டும் பூசணம்

மக்காச்சோளத் தட்டை வெட்டி, மாட்டுத் தீவனமாகப் புளிக்க இரண்டு பெரிய பைகளில் அடைத்து வைத்திருந்தோம். முதல் பையைப் பிரித்தபோது புளித்த மாவு வாசனை வந்தது. சினையாக இருக்கும் எங்கள் பசு சிவப்பி, கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து தின்றாள். அது தீர்ந்து நேற்று இரண்டாவது பையைப் பிரித்தேன். ஆவி பறந்தது. மேலெல்லாம் வெள்ளைப் பூசணம், கையை உள்ளே விட்டால் சூடு. சிவப்பி மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. அதே மக்காச்சோளத் தட்டு, அதே மிஷினில் வெட்டியது, அதே வெல்லத் தண்ணீர். எங்கள் தறியில் ஒரே பாவில் நெய்த இரண்டு சேலையில் ஒன்று மட்டும் சாயம் போனால் யாரைப் போய்க் கேட்பது?

எலி கடித்ததோ என்று பையைப் புரட்டிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. பையை அடைத்த அன்று எதிர்வீட்டு விருத்தாம்பாள், "இன்னா சசிகலா, மாட்டுக்கு ஊறுகாயா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் கண்ணாக இருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். பன்னிரண்டாவது படித்தவள் செய்கிற வேலையா இது? பயம்தான். எத்தனையோ முறை ஊசி போட்டும் நிற்காமல், இப்போதுதான் சிவப்பிக்குச் சினை நின்றிருக்கிறது. இந்தக் கன்று எனக்கு உயிரோடு வேண்டும்.

மாட்டு டாக்டர் வனிதாவுக்குப் போன் செய்தேன்.

"பூசணம் புடிச்சத சினை மாட்டுக்கு வச்சிடாதீங்க, கன்னு கலைஞ்சிடும்" என்றார். "நல்லா மிதிச்சி அடச்சீங்களா? உள்ள காத்து தங்கினா புளிக்காது, கெட்டுப்பூடும்."

"ரெண்டையும் மிதிச்சோங்க."

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. முதல் பையை மிதித்தது நான். அதற்குள் நெய்த சேலையைக் கொடுக்க ஆரணிக்கு ஓடவேண்டி வந்தது. இரண்டாவதை அடைத்தது என் வீட்டுக்காரர் சந்திரமோகன். திரும்பப் போய்ப் பையில் கையை விட்டேன். முழங்கை வரை உள்ளே போயிற்று. முதல் பையிலோ அரிவாளால் கொத்தித்தான் எடுத்தேன்.

அவர் தறியில் இருந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை. மகரஜோதிக்குப் போகிறவர்.

"சாமி, ரெண்டாவது பைய எப்பிடி அடச்சீங்க?"

"கையாலதான். அமுக்கி அமுக்கி வச்சேன்."

"மிதிக்கலியா?"

"மாலை போட்டுகினு பசு துன்றத காலால மிதிப்பாங்களா? பாவம் இல்ல?"

பட்டுச்சேலை மடிப்பதுபோலத் தட்டித் தட்டி வைத்திருக்கிறார் மனுஷன். வேறு நாளாயிருந்தால் நன்றாகக் கிழித்திருப்பேன். சாமியைத் திட்டினால் பாவம் எனக்கு வரும். யார் பாவம் யாரைச் சேரும் என்றே குழம்பிப்போயிற்று.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மிதிச்சிகினு இருந்தத பாத்தேன். உன்னப் போய் பாவம் பண்றேன்னு எப்பிடி சொல்றது?"

கோபத்தோடு அழுகையும் வந்தது. "கன்னு கலைஞ்சா அது பாவம் இல்லியா சாமி?"

அவர் எழுந்து போய்ப் பைக்குள் கையை விட்டார். சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

இன்று காலை எங்களுக்குத் தட்டு கொடுக்கும் தருமனின் சோளக்கொல்லையிலிருந்து புதுத் தட்டு வந்தது. சிவப்பிக்குப் பச்சையாகக் கொஞ்சம் போட்டுவிட்டு, மீதியை வெட்டிப் பையில் கொட்டினோம். நான் இறங்கப் போனேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சிவப்பி முன்னால் நின்று கும்பிட்டு, "மன்னிச்சிக்கம்மா" என்றார். பிறகு பைக்குள் இறங்கினார்.

முள்மேல் நடப்பதுபோல் நடந்தார். அந்த மிதிக்கு ஒரு இலைகூட அமுங்காது. கண்ணை மூடியிருந்தார், கன்னத்தில் நீர் வழிந்தது. இவர் நினைப்பது சரியா, நான் நினைப்பது சரியா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. பையின் வாயைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"பாவம் வந்தா பாதி எனக்கு, சாமி. நல்லா மிதிங்க."

அவர் மிதித்தார்.