இறால் கொட்டகைக்கு ஒரு பெயர்

மூன்று தடவை திரும்பி வந்த படிவத்தைப் பையில் செருகிக்கொண்டு பரசுராமன் பழவேற்காட்டில் படகேறினான். திருவள்ளூர் புள்ளிவிவர ஆபீசில் அவன் தற்காலிக ஊழியன். சிறுதொழில்களைக் கணக்கெடுப்பது வேலை. ஏரி நடுவே குருவித்திட்டில் ஓர் இறால் கொட்டகை இருந்தது. இறாலை அவித்துக் காயவைத்து மெட்ராசுக்கு அனுப்புவார்கள். வம்பு அங்கேதான்.

அவன் எழுதிய படிவத்தில் 1974 ஜனவரியில் உரிமையாளர் முனிகிருஷ்ணன். ஏப்ரலில் செங்கல்வராயன். ஜூலையில் தாயாரம்மாள்.

"ஊட்லயே உக்காந்து எழுதுறியா? கும்மிடிப்பூண்டில எந்தப் பட்டறைக்காரன்யா மூணு மாசத்துக்கு ஒருதரம் மாறுறான்?" என்று சூப்பிரண்டு கத்தினார். முதலில் உரிமையாளராக எழுதப்பட்ட முனிகிருஷ்ணனே மறுபடி கைரேகை வைக்க வேண்டும் என்றார். இல்லையென்றால் இந்த மாதத்தோடு வேலை இல்லை.

முனிகிருஷ்ணன் குருவித்திட்டுக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் நீ! என் முறை தையோட முடிஞ்சிபோச்சி. இப்போ குப்பாயி முறை. நான் ரேகை வச்சா அவ பங்கைத் திருடினா மாதிரி. பஞ்சாயத்துல ஒரு வருசம் தள்ளி வச்சிடுவாங்கோ."

அந்தக் கொட்டகையைப் பதினோரு குடும்பங்கள் மாதம் ஒருவராக நடத்தின. பொங்கலுக்கு முன் அம்மன் எதிரில் சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். பரசுராமன் இதை நாலு விதமாகக் குறிப்பு எழுதிப் பார்த்துவிட்டான். சூப்பிரண்டு நாலையும் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

"அப்போ ஓனர் யாருதாண்ணே?"

"ஓனர்னு யாருமில்ல."

"ஆபீசுக்கு ஒரே ஒரு பேரு வேணும்!"

அவித்த இறாலைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்த குப்பாயி நிமிர்ந்தாள். "ஒரு பேரு எழுதினா, அந்த ஆளு நாளைக்கு உன் காயிதத்தைக் காட்டி கொட்டாயே என்னுதும்பான். அப்போ நீ வந்து பேசுவியா?"

வெயில் மண்டையைப் பிளந்தது. மணவாள நகர் வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது. முனிகிருஷ்ணன் ரேகை என்று தன் விரலையே வைத்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் தோன்றியது. மைப்பெட்டியைத் திறந்தான். குப்பாயி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு பேரையும் கூப்பிடுங்க," என்றான் எரிச்சலோடு.

உரிமையாளர் கட்டம் இரண்டு விரல் அகலம். ஐந்து ரேகையில் நிரம்பியது. ஆறாவது முகவரிக்குள் போனது. பதினோராவது, 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்ற இடத்தில் விழுந்தது.

"இதைப் பாத்து உன்ன வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா சார்?" என்றாள் குப்பாயி.

"தூக்கிடுவாங்க."

"கார்த்திகை மாசம் காலியாத்தான் கெடக்குது. யாரும் எடுக்கல. நீ எடுத்துக்கோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கார்த்திகையில் விடாத மழை. ஒரு கூடை இறால்கூடக் காயாது.

பரசுராமன் படிவத்தை மடிக்காமல் ஊதி உலர்த்தினான்.

"என் பேரை எழுதி வச்சிக்கோங்க," என்று சொல்லிவிட்டுப் படகைப் பார்க்க நடந்தான்.