கடைசி வண்டிக்கு முன்னால்

அறிவிப்பில் இப்படித்தான் போட்டிருந்தார்கள்: ‘பங்கேற்பாளர்களின் வசதியை முன்னிட்டு இந்த ஆண்டு சைக்கிள் பாதையில் சில மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன.’ வசதியாம், வசதி! ஏரிச் சாலை மழையில் இடிந்து தண்ணீருக்குள் விழுந்துவிட்டது, கூடவே என் கணவரும் விழுந்துவிட்டார் என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை.

அவர்தான் சங்கத்தில் பாதைப் பொறுப்பாளர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கிற பைத்தியக்காரப் போட்டி இது. அதில் சைக்கிள் மட்டும் நூற்று எண்பது கிலோமீட்டர். அத்தனையையும் வருஷா வருஷம் தானே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வார். காரில் போனால் ரோட்டின் குணம் தெரியாதாம். போன மழைக்காலத்தில், ஏரிச் சாலை தாங்குமா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். இந்த மழையில் அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்று வாசலில் நின்று கத்தினேன். சிரித்துக்கொண்டே போனார். ஆளை எடுத்துவிட்டார்கள், சைக்கிளை எடுக்க முடியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்து ‘பாவம், துக்கத்தில் இருக்கிறாள்’ என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு உள்ளே கொதிப்பது கோபம்தான்.

அவர் போன பிறகும் சங்கத்தில் என் வேலையை நான் விடவில்லை. போட்டியில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் வரும். முடியாமல் நின்றவர்களையும் சைக்கிள் உடைந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி. சங்கத்தில் செல்லமாகத் துடைப்பம் என்போம். அதை ஓட்டுவது நான். பக்கத்து சீட்டில் மெக்கானிக். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எங்களுக்கு அவர் ஸ்பேனர் அண்ணன்.

துடைப்பத்துக்கு ஒரே ஒரு சட்டம். குறித்த நேரம் முடியும்வரை கடைசி ஆளைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டால் அவர் ஆட்டம் அதோடு முடிந்தது. நேரம் பதிய காலில் கட்டியிருக்கிற சிப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேனில் ஏற வேண்டியதுதான். அழுதாலும் புரண்டாலும் மாற்ற முடியாது.

என் தம்பி இரண்டு தடவை அப்படி ஏறியிருக்கிறான். மூன்றாவது தடவையாக இந்த வருஷம் மறுபடியும் பெயர் கொடுத்திருந்தான். அவனுக்குச் சைக்கிள் பழக்கிவிட்டதே என் கணவர்தான். இருவரும் ஏரிச் சாலையில் விடியற்காலையில் ஓட்டாத நாள் கிடையாது. போட்டியன்று காலை, சமையலறையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டே சொன்னான்.

“அக்கா, இந்த வருஷம் மாமாவுக்காக முடிச்சே தீருவேன். நீ மட்டும் என்னைத் தாண்டின, அப்புறம் ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன்.”

“உன்னைத் தாண்ட வேன் எதுக்குடா, நான் நடந்தே தாண்டிடுவேன்” என்றேன். அவன் சிரிக்கவில்லை. என் மகள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முடிவுக் கோட்டில் பாட்டியோடு நிற்பேன், மாமா ஓடி வரும்போது கூடவே ஓடி வருவேன் என்றாள்.

மதியத்துக்குள் என் பயம் பலித்துவிட்டது. தம்பிதான் கடைசி ஆள். அவனுக்கு முன்னால் போனவர் எப்போதோ ஏரிக்கரை முக்கைத் தாண்டிவிட்டார் என்று வாக்கிடாக்கியில் சொன்னார்கள். வெள்ளை வெயிலில் காலி ரோடு. நடுவே அவன் முதுகு மட்டும். பின்னால் நாங்கள் ஆமை வேகத்தில் உருட்டிக்கொண்டு போனோம். இந்த வேகத்தில் போனால் நேரத்துக்குள் போய்ச் சேர மாட்டான் என்பது எனக்குத் தெரியும். ஸ்பேனர் அண்ணனுக்கும் தெரியும்.

அப்போதுதான் அது நடந்தது. தம்பி திடீரென்று வலதுபக்கம் தலையைத் திருப்பினான். யாரையோ பார்த்து லேசாகத் தலையசைத்தான். பிறகு மிதிப்பதை நிறுத்திவிட்டான்.

“என்னாச்சு இவனுக்கு? எதுக்கு நிறுத்துறான்?” என்றேன்.

தம்பி கொஞ்ச தூரம் சும்மா உருண்டுவிட்டு மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தான். இந்தத் தடவை வேகமாக. காலையிலிருந்து பார்க்காத வேகம்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் ஸ்டியரிங்கைத் தட்டினேன். “அப்படிப் போடு! இப்படியே போனா சேர்ந்துடுவான் அண்ணா!”

“அது சரிம்மா. ஆனா இவன் ஓட்டுறதைப் பாரு. கேப் விட்டு ஓட்டுறான்.”

அதைக் கேட்டதும் என் சந்தோஷம் பாதியில் நின்றது. இந்தப் போட்டியில் முன்னால் போகிறவரை ஒட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. முன்னால் இருப்பவர் காற்றைத் தடுத்துத் தருவார், அது ஏமாற்று. ஒரு லாரி நீளத்துக்காவது இடைவெளி வேண்டும். ஒருவர் நம்மைத் தாண்டினால், நாம்தான் மிதிப்பதை நிறுத்திப் பின்வாங்கி அந்த இடைவெளியைக் கொடுக்க வேண்டும். தம்பி செய்தது அதைத்தான், வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரி. யாரோ அவனைத் தாண்டியிருக்கிறார்கள். அவன் மரியாதையாகப் பின்வாங்கியிருக்கிறான்.

ஆனால் ரோட்டில் யாரும் இல்லை.

“வெயில் அண்ணா. மண்டை காய்ஞ்சிருக்கும்” என்றேன்.

“இருக்கும், இருக்கும்” என்றார். நான் சொன்ன மாதிரியே அவரும் நம்பாமல் சொன்னார்.

ரோட்டோரம் ஒரு பூட்டிய பட்டறை வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அது தலையைத் தூக்கி, காலி ரோட்டில் எதுவோ போவதைப் பார்ப்பதுபோல் இடமிருந்து வலமாகத் தலையைத் திருப்பியது. பிறகு பழையபடி இடதுபக்கம் திரும்பி, என் தம்பி போவதை முழுசாகப் பார்த்தது.

ஸ்பேனர் அண்ணன் கண்ணாடியை இறக்கினார். “சத்தம் கேக்குதாம்மா?”

கேட்டது. மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்தில் டிக்டிக்டிக் என்று ஓடுமே, அந்தச் சத்தம். விலை உயர்ந்த சக்கரங்களில் கொஞ்சம் கணீரென்று கேட்கும்.

“தம்பி சைக்கிள்தானே?” என்றேன்.

“அவன் மிதிச்சுட்டுல்ல இருக்கான். மிதிக்கிறப்போ இது சத்தம் போடாது.” அவர் கண்ணாடியை மறுபடியும் ஏற்றினார். “அந்தச் சக்கரத்துக்குக் கம்பி நான்தான் கோத்துக் கொடுத்தேன்” என்று முனகினார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏரிக்கரை முக்கு வந்தது. பழைய பாதையில் இங்கே இடதுபக்கம் திரும்பி ஏரிச் சாலையில் இறங்குவார்கள். இந்த வருஷம் வலதுபக்கம் திரும்பி, கிடங்குகள் வழியாக ஒரு மேடு ஏற வேண்டும். ரோட்டில் புது அம்பு பளிச்சென்று இருந்தது. பழைய அம்பை நான்தான் முந்தாநாள் கறுப்புப் பெயிண்டால் மூடியிருந்தேன். இடதுபக்கம் இரண்டு பிளாஸ்டிக் டிரம், நடுவே ஒரு ரிப்பன், ஓரத்தில் ஒரு சைக்கிள் நுழைகிற அளவு சந்து. பச்சைக் கொடியோடு ஒரு பெரியவர், சங்கத்துத் தொண்டர், வலதுபக்கம் வலதுபக்கம் என்று கையை ஆட்டினார். தம்பி அவரிடம் முன்னால் கையைக் காட்டி ஏதோ சொன்னான். பிறகு கொஞ்சமும் வேகம் குறையாமல் இடதுபக்கச் சந்தில் நுழைந்துவிட்டான்.

பெரியவர் வேனுக்கு ஓடி வந்தார். “நான் கத்திக்கிட்டே இருக்கேன் மேடம். ‘அவரோடதான் போறேன், அவருக்கு வழி தெரியும்’ங்கறார். எவரோட?”

அந்தச் சாலை எனக்குத் தெரியும். நீளமான இறக்கம், அப்புறம் ஒரு வளைவு. வளைவைத் தாண்டினால் ரோடே கிடையாது. அதைச் சொல்ல அங்கே ஒரு தகர போர்டும் ஒரு சிவப்புத் துணியும்தான். இறக்கத்தில் வருகிறவன் அதைப் பார்க்கும்போது காரியம் கெட்டிருக்கும்.

“ஹாரன் அடி!” என்றார் ஸ்பேனர் அண்ணன். டிரம்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவன் திரும்பவே இல்லை. குனிந்த தலை, சீரான மிதி, முன்னால் அதே லாரி நீள இடைவெளி. மூன்று வருஷக் கனவு, மாமாவுக்காக என்றது, ஜென்மத்துக்கும் பேச மாட்டேன் என்றது எல்லாம் ஒரு நொடி என் காலைப் பிடித்து இழுத்தன. போடா, நீ பேசாட்டிப் பரவாயில்லை, உயிரோடு இருந்து பேசாமல் இரு என்று வாய்விட்டுச் சொல்லி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அவனை உரசிக்கொண்டு தாண்டி, வளைவுக்குள் வேனைக் குறுக்கே திருப்பி நிறுத்தினேன். அவன் பிரேக் பிடித்து, சறுக்கி, வேனின் பக்கவாட்டில் வந்து மோதி விழுந்தான்.

“தாண்டிட்டியே! தாண்டிட்டியே பாவி!” என்று எழுந்து கதவில் அறைந்தான். “சேர்ந்திருப்பேன்க்கா! இன்னும் கொஞ்சம் அவர் பின்னாடி போயிருந்தா…”

அப்புறம்தான் வேனுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். முன்சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளி தார் பிய்ந்து தொங்கியது. கீழே தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. அவன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் ரத்தம் வழிந்தது. ஸ்பேனர் அண்ணன் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

“யார் பின்னாடிடா போன?” என்றேன்.

“உனக்குத் தெரியாதா?”

தெரியும். ஆனாலும் அவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

“மாமா” என்றான்.

“உன்கிட்ட ஏதாவது சொன்னாரா? கூப்பிட்டாரா?”

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். “என்னை அவர் பார்க்கவே இல்லக்கா. தாண்டுறப்போகூட. நான் சிரிச்சேன், அவர் கண்டுக்கல. திரும்பித் திரும்பி வேனைத்தான் பார்த்துட்டு வந்தார். நீ வர்றியா, நீ வர்றியான்னு.”

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கேவலம், ஒரு நொடி சந்தோஷமாகவும் இருந்தது. என்னைத் தேடியிருக்கிறார். அந்தச் சந்தோஷம் என்னைத் தார் விளிம்பு வரைக்கும் நடக்க வைத்தது. அங்கே நின்றபோதுதான் கீழே தண்ணீர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. இன்னும் ஓர் அடி வைத்திருப்பேனோ என்னவோ. நல்ல வேளையாக எனக்குக் கோபம் வந்தது.

“ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா?” என்று கத்தினேன். “என் தம்பியைக் காட்டி என்னைக் கூப்பிடுவீங்களா? அவன் செத்திருந்தா? நான் வர மாட்டேன். பாப்பா அங்க கோட்டுக்கிட்ட காலையிலிருந்து நின்னுட்டு இருக்கா. அவளை யார் பார்ப்பா, நீங்களா? அன்னைக்கு அவ்வளவு சொல்லியும் கேக்காம போனது நீங்க. நான் எங்கயும் போகல.”

தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு மாதமாக வராத அழுகை, மூக்கை அடைத்துக்கொண்டு வந்தது.

“தனியா இருக்க முடியலன்னா நீங்க வாங்க” என்றேன். “இங்க நின்னுட்டு யாரையும் கூப்பிடாதீங்க. வந்து வண்டியில ஏறுங்க. பேசாம உக்காருங்க. வீட்டுக்குப் போகலாம்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்பேனர் அண்ணன் தம்பியின் சைக்கிளைப் பின்னால் ஏற்றிக் கட்டினார். சிப்பைத் தம்பியே கழற்றிக் கொடுத்தான். பின்சீட்டில் ஏறி, கதவோரமாகவே உட்கார்ந்துகொண்டான். நான் வண்டியைக் கிளப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். அவன் திறந்த கதவுக்கு வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் சீட்டில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்க ஜன்னல் வரைக்கும் நகர்ந்து உட்கார்ந்தான்.

ஸ்பேனர் அண்ணன் கதவை இழுத்துச் சாத்தப் போனார்.

“இருங்கண்ணா” என்றான் தம்பி. “ஏறட்டும்.”