ஏற்றம் ஏறாத வண்டி

…ஒன்று போதும், நான்கு சிலிண்டரில் ஒன்று, அதுவும் முழுக்கச் செத்திருக்க வேண்டாம், கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், அவர் சொன்னது உண்மையாகிவிடும், என்று நினைத்துக்கொண்டே என்ஜினின் முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். ஸ்பானர் வழுக்கியது, உள்ளங்கை வேர்த்திருந்தது. தங்காக் கடைத்தெருவுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், வண்டி இரண்டு மாதமாக நிற்கிறது. என் கணவர் இறந்தும் அவ்வளவு நாள் ஆகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடக்கிறார் என்ற செய்தி ஆற்றைக் கடந்து மூவாரில் இருந்த எனக்கு வந்து சேர்ந்தபோது இங்கே அடக்கம் முடிந்திருந்தது. ஸ்டானிஸ்லாஸ் என்று சிலுவையில் எழுதியிருந்தார்கள், பக்கத்தில் என் பெயர் எங்கும் இல்லை, சிலுவையில் மனைவி பெயரை யாரும் எழுதமாட்டார்கள், தெரியும், இருந்தாலும் தேடினேன்.

"மெக்கானிக் மத்தியானம் வந்துடுவான்மா, நீங்க எதுக்குக் கையக் கருப்பாக்கிக்கிறீங்க?" என்றார் ராஜசேகரன். அவர்தான் வண்டியை வாங்கப்போகிறவர். லாரியின் மேல் கட்டியிருக்கும் பலகை வீட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, கீழே இருக்கும் லாரியில் கித்தா, அதாவது ரப்பர், ஏற்றுவார். என்ஜின் நன்றாக இருந்தால் மட்டும். பேட்ரிசியா அண்ணி, என் கணவரின் அக்கா, ஒரு கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். "விடுங்க தம்பி, மதராஸ்ல பி.எஸ்சி. படிச்ச பொண்ணு, ஒங்க மெக்கானிக்குக்கே பாடம் சொல்லும்." "ஐயோ அலமாக், படிச்சா ஹேண்டில் சுத்துமாக்கா? கைய ஒடைச்சுப் போட்டுடும் அது," என்றார் ராஜசேகரன். "ஸ்டார்ட் பண்ண மாட்டேன்," என்றேன், "சும்மா சுத்திப் பாக்கறேன்." காலையிலிருந்து நான் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

செய்யவேண்டியது எளிது. நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒன்றை மட்டும் திரும்ப மாட்டி, முன்னால் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். திறந்திருக்கும் மூன்றிலும் காற்று சும்மா போய் வரும், மூடிய ஒன்றில் மட்டும் பிஸ்டன் மேலே வரும்போது காற்று அடைபட்டு அழுந்தும், அழுந்தினால் ஹேண்டில் கையை எதிர்த்துத் தள்ளும். நல்ல சிலிண்டர் சுருள்வில் போலத் தள்ளும். கெட்டது விட்டுக்கொடுத்துவிடும். அழுத்தம் எங்கோ வழியில் கசிந்துபோகும். இதைத்தான் கனகராஜ் கம்ப்ரஷன் போயிடுச்சு என்று சொன்னார். கனகராஜ் தங்காக் பஸ்ஸின் டிரைவர், அவர் வாயிலாகத்தான் என் கல்யாண வாழ்க்கை நடந்தது… ஆற்றைக் கடக்கும் ஃபெரியிலிருந்து பஸ் இறங்கியதும் நான் பாடம் சொல்லும் கான்வென்ட் வாசலில் ஹாரன் அடிப்பார், நான் வகுப்பை விட்டு வருவேன். "டீச்சர், ஒங்க போட்டோக்காரர் சொல்லச் சொன்னார். என்ஜின்ல கம்ப்ரஷன் போயிடுச்சாம், ஃபெரிய விட்டு எறங்கினா அந்த ஏத்தம் ஏறாதாம். சரி பண்ணிட்டு வந்து கூட்டிட்டுப் போறாராம், பொட்டியெல்லாம் கட்டி வச்சுக்கச் சொன்னார்." கட்டி வைத்தேன். அடுத்த மாதம், "இன்னும் ஆகலையாம் டீச்சர்." அதற்கடுத்த மாதமும். போகப்போகக் கனகராஜ் என் முகத்தைப் பார்க்காமல், பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுப்பேன், உடுத்தித் துவைத்து மறுபடி பெட்டியிலேயே வைப்பேன்.

முதல் சிலிண்டர். ஹேண்டிலில் கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது, திருப்பி அடித்தால் முறிந்துவிடும், என் கணவர்தான் சொல்லிக்கொடுத்தார், கல்யாணமான வாரத்தில், என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து வைத்து… அந்த வாரம் முழுவதும் அவர் என்னைத் தொட்டுப் பேசியது அதுதான் அதிகம். சுற்றினேன். எதிர்த்துத் தள்ளியது. நன்றாக, உறுதியாக. சரி, ஒன்று நன்றாக இருக்கலாம், அதனால் என்ன, அவர் எல்லாம் போய்விட்டதென்று சொல்லவில்லையே. இரண்டாவது. அதுவும் தள்ளியது. தோள் வலித்தது. அந்த ஏற்றத்தை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். கடல்நீர் வற்றும் நேரத்தில் ஃபெரி ஆற்றோடு கீழே இறங்கிவிடும், அதிலிருந்து கரைக்குப் பலகைப் பாலம் செங்குத்தாக நிற்கும், மூட்டை ஏற்றிய லாரிகள் முனகிக்கொண்டு ஏறும். அந்த லாரிகளுக்கு நல்ல என்ஜின், என்று சொல்லிக்கொண்டு நின்றேன். நீர் பெருகும் நேரத்தில் ஃபெரி உயர்ந்துவிடும், பாலம் கிட்டத்தட்டத் தரைமட்டம், நோஞ்சான் வண்டிகூட வந்துவிடும், அதுவும் பார்த்தேன். பெருக்கில் வரலாமே என்று கனகராஜிடம் சொல்லி அனுப்ப எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்தது? சொல்லவில்லை. அதற்கு என்ன பதில் வரும் என்று… இல்லை, பதில் வராமலே போய்விடும் என்று.

"எப்படிம்மா இருக்கு?" "ரெண்டு நல்லா இருக்கு." ராஜசேகரனுக்குப் பல் தெரிந்தது. காலையில் வந்ததும் முதலில் நான் பார்த்தது என்ஜினை அல்ல, மேலே பலகை வீட்டை. மூவாரில் சீனத் தச்சர்கள் செய்தது, கல்யாணத்துக்கு முன்னால் அவர் எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டது: கட்டில், மடக்கு மேசை, கறுப்புத் துணி தொங்கும் இருட்டறை. தோட்டம் தோட்டமாகப் போய் லயத்து வரிசைவீட்டு ஜனங்களைப் படம் எடுப்பார், அவர்கள் ஊருக்கு அனுப்ப. நான் இருட்டறையில் படம் கழுவவேண்டும், இருவரும் இதிலேயே குடியிருக்கவேண்டும், என்று பேச்சு. கட்டிலின் கீழே, மேசையின் இடுக்கில், தலையணை உறைக்குள் எல்லாம் தேடினேன். ஒரு கொண்டை ஊசி, ஒரு நீள முடி, ஒரு பொட்டு… ஒன்றும் இல்லை. ஒரு தலையணை, ஒரு தட்டு, ஒரு குவளை, எல்லாம் சுத்தமாக. வேறு ஒருத்தி இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவளோடு என்னை ஒப்பிட்டுப் பார்த்திருப்பேன், அவளுக்கு இருக்கிறது எனக்கு இல்லை என்று ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். யாருமில்லாத இடத்தை எதோடு ஒப்பிடுவது?

மூன்றாவதும் தள்ளியது. இனி ஒன்றுதான். நான்காவதில் பிளக்கை மாட்டினேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு ராத்திரி அவர் பஸ்ஸில் மூவாருக்கு வந்துபோனார். வண்டியை விட்டு அதற்கு மேல் இருக்கமுடியாது, படம் எடுக்கும் கண்ணாடித் தகடுகள் களவு போய்விடும் என்றார். சாப்பிடும்போது தலை நிமிர்ந்து, "ஏன் அப்படிப் பாக்கற? நீ பாக்கறது ஏதோ பரிசோதனை செய்யறாப்பல இருக்கு," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் நாளெல்லாம் லென்ஸ் வழியாக எத்தனை முகங்களைப் பார்க்கிறவர், அவரை யாராவது பார்த்தால் மட்டும்… அதற்குப் பிறகு நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். அது போதவில்லையா?

சுற்றினேன். ஹேண்டில் மேலே வந்து, கொஞ்சம் தயங்கி, விட்டுக்கொடுத்துவிட்டது.

மறுபடி சுற்றினேன். அதேதான், மெத்தென்று வழிவிட்டது. உண்மை, அவர் சொன்னது உண்மை, நான்காவது போய்விட்டது, அந்த ஏற்றம் ஏறியிருக்காது, பாதியில் நின்று பின்னால் உருண்டு ஆற்றில் விழுந்திருக்கும், அவர் வரத்தான் நினைத்தார், சரி பண்ணிக்கொண்டுதான்… நான் சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், ராஜசேகரன் முகம் சுண்டிப்போய், "போச்சா?" என்றார். "போச்சு," என்றேன், பாடம் ஒப்பித்து முடித்த பிள்ளைபோல. "ரிங்கா, வால்வான்னு பாத்துடலாம்," என்று நானே சொன்னேன். அதற்கும் வழி இருக்கிறது. பிளக்கைத் திறந்து ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மூடிச் சுற்றினால், பிஸ்டனைச் சுற்றிய ரிங் தேய்ந்ததென்றால் எண்ணெய் இடுக்கை அடைத்துத் தள்ளல் கூடும், வால்வு என்றால் கூடாது. எண்ணெய் விட்டேன், கொஞ்சம் வெளியிலும் வழிந்தது, மூடினேன், சுற்றினேன். கூடவில்லை. வால்வு. வால்வு என்றால் திறந்து தேய்க்கவேண்டும், நாளாகும், ஆள் கிடைக்கவேண்டும், மாதக்கணக்கில் ஆவதில் ஆச்சரியமே இல்லை…

"வினி, அங்க என்னமோ நொரைக்குது பாரு," என்றாள் அண்ணி, விசிறியால் காட்டி. "முட்ட முட்டயா வருது. நண்டு கொப்புளிக்கற மாதிரி."

பிளக்கைச் சுற்றி, வழிந்த எண்ணெயில், சின்னச் சின்னக் குமிழிகள். நான் ஹேண்டிலைத் தள்ளத் தள்ள அங்கேதான் வந்தன. வால்வில் அல்ல. பிளக்கை நான் முழுவதும் இறுக்கவில்லை. இரண்டு முறையும் இறுக்கவில்லை. மற்ற மூன்றையும் ஸ்பானர் அசையாதவரை இறுக்கிய கை, இதை மட்டும்… மறதியா? தெரியவில்லை. அப்படியே விட்டுவிடலாம். வால்வு போய்விட்டது என்று சொல்லலாம், ராஜசேகரன் போய்விடுவார், வண்டி இங்கேயே துருப்பிடித்து நிற்கும், என் கணவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். ஆனால் குமிழியைப் பார்த்துவிட்டேனே. ஸ்பானரை எடுத்து, கால் சுற்று, இன்னும் கொஞ்சம், இறுக்கினேன்.

ஹேண்டில் கையை எதிர்த்துத் தள்ளியது. நான்கிலும் இதுதான் நன்றாகத் தள்ளியது.

"அடடா, நாலும் கல்லு மாதிரி!" ராஜசேகரன் தொடையைத் தட்டிக்கொண்டார். "பயமுறுத்திட்டீங்களேம்மா." நான் ஹேண்டிலைக் கழற்றிக் கீழே வைத்தேன். சுற்றிலும் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது, தகரத்தில் வெயில் ஏறும் சத்தம், தெருவில் யாரோ கோப்பி கேட்டுக் கத்துவது. அண்ணி எழுந்து வந்தாள். என் தோளில் கை வைத்தாள், கையில் விசிறி இருந்தது, அது முதுகில் குத்தியது. "பாத்தியா, ஒனக்காகத்தான் சரி பண்ணி வச்சிருக்கான். கூட்டிட்டுப் போகத்தான் இருந்தான். அதுக்குள்ள பாழாப்போன காய்ச்சல்…" அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அவர் ஒரே தம்பி.

வால்வைச் சரி பண்ண என்ஜினின் தலையைத் திறந்திருக்கவேண்டும். தலையை இறுக்கும் போல்ட்டுகள் என் கண்ணெதிரே வரிசையாக இருந்தன. பழைய துரு, அதன்மேல் எண்ணெயோடு கெட்டிப்பட்ட செம்மண், எதிலும் ஸ்பானர் பட்ட கீறல் இல்லை. இதை யாரும் பல வருடங்களாகத் திறக்கவில்லை. அண்ணி காத்துக்கொண்டிருந்தாள். அவளும் போல்ட்டைத்தான் பார்க்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது, இல்லை, என் முகத்தை.

"ஆமா அண்ணி," என்றேன். "இப்பதான் தெறந்து மூடின மாதிரி இருக்கு."

தடுமாறவில்லை. கான்வென்ட்டில் தலைமைச் சிஸ்டரிடம் ஒரு சாக்கட்டி கேட்கவே குரல் எழும்பாத எனக்கு, இது தண்ணீர் குடிப்பதுபோல வந்துவிட்டது. அண்ணியை அப்படியொன்றும் எனக்குப் பிடிக்கும் என்று இல்லை. அந்த முகம் விழுவதைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்… ராஜசேகரன் பலகை வீட்டை எங்கே வெட்டிப் பிரிப்பது என்று விரலால் அளந்துகொண்டிருந்தார். கனகராஜின் பஸ் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, முதல்தடவை, கம்ப்ரஷன் போயிடுச்சுன்னு சொல்லுங்க என்று என் கணவர் சொல்லியிருப்பாரே, அப்போது அவருக்கும் இவ்வளவு எளிதாகத்தான் வந்திருக்குமா, சொல்லும்போது அவர் கண்முன் இருந்தது, விழுந்துவிடக்கூடாது என்று அவர் நினைத்த முகம், என்னுடையதுதானா?