பெடலுக்கு முட்டுக் கொடுத்த கட்டை

பிரேக் ஆயில் குழாயில் புகுந்த ஏரை எடுக்க ரெண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துக் காற்றை வெளியே விடும் திருகாணியைத் தளர்த்த வேண்டும். முப்பது வருஷம் என் மனைவி வெர்னா மேலே, நான் கீழே. "மிதி" என்பேன். "மிதிச்சாச்சுய்யா, மூஞ்சியத் தள்ளி வச்சுக்கோ" என்பாள்.

அவள் போய்ச் சேர்ந்து ரெண்டு குளிர்காலம் ஆகிறது. அதுமுதல் எங்கள் பழைய பட்டாளத்து லாரி கொட்டகையிலேயே நின்றது. சக்கரங்களுக்கு பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் துருவேறி, ஆயில் மொத்தமும் தரைக்குப் போய்விட்டது.

மே மாதக் கடைசித் திங்கள், போரில் இறந்தவர்களை நினைத்து ஊர் நடத்தும் ஊர்வலத்தன்று, வயதான சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு சர்ச் மேட்டில் இறங்குவது அந்த லாரிதான். மரம் அறுக்கும் மில்லில் நாற்பது வருஷம் உழைத்த என்னை ஊரார் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்டுவது அந்த ஒரு நாள்தான். இந்த வருஷம் ஊர்வலப் பொறுப்பு லைல் ப்ரௌட்டிக்கு. "சனிக்கிழமை வந்து பாப்பேன், எல்டன். பிரேக் போட்டு லாரி நிக்கலன்னா பெரியவங்களுக்கு வைக்கோல் வண்டிதான்" என்று போனில் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை புது சிலிண்டரை மாட்டினேன். அது மூச்சுவிடத் தலையில் ஒரு துளை உண்டு. அங்கிருந்து ஒரு சின்னக் குழாய் ஏர் ஃபில்டர் வரை மேலே ஏறும். லாரி ஆற்றில் இறங்கினாலும் ஆயிலில் தண்ணீர் சேராது. பழைய குழாய் கையோடு உதிர்ந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வெர்னாவும் சாண்ட்விச் கட்டிக்கொண்டு ஓடையில் லாரியை இறக்கி அக்கரைக்குப் போய், இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுவோம். இனி யாரோடு போக? துளையில் ஒரு போல்ட்டை முடுக்கி அடைத்துவிட்டேன்.

அப்புறம் ஏர் எடுத்தேன். பெடலை மிதித்து, அதற்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, இறங்கி, படுத்து, திருகாணியைத் திறந்து, மூடி, மறுபடி ஏறி. நாலு சக்கரம் முடிய சாயந்திரம் ஆனது. மூன்றாவது சக்கரத்தில் வாய் தவறி "மிதி" என்றேன். கட்டை என்ன சொல்லும்.

சனிக்கிழமை லைல் பக்கத்தில் ஏறிக்கொண்டான். முதல் ரெண்டு மைல் சுகமாக ஓடியது. "பரவாயில்லயே கிழவா" என்றான். சர்ச் மேட்டில் நாலைந்து தடவை பிரேக்கை மிதித்து லாரியை இறக்கினேன். பாதி இறக்கத்தில் தீய்ந்த வாடை. லாரி தானாக நின்றேவிட்டது.

"நிக்கலன்னா வேணாம்னுதான் சொன்னேன். இது நகரவே மாட்டேங்குதே! வைக்கோல் வண்டிக்காரனக் கூப்பிடவா?"

"கொஞ்சம் வாய மூடுடா, லைல்."

சக்கரத்தைத் தொட்டால் சுட்டது. அப்போதுதான் போல்ட் ஞாபகம் வந்தது. சூட்டில் ஆயில் பொங்கியிருக்கிறது, மூச்சுவிட வழியில்லை, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் அடியில் நுழைந்து போல்ட்டைக் கழற்றினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. பிடி விட்டு லாரி என் தலைக்கு மேலே நகர்ந்தது.

"மிதி!"

"மிதிச்சுட்டேன்யா! மிதிச்சுட்டேன்!"

சட்டென்று நின்றது. வெளியே வந்து பார்த்தால் லைல் அந்தப் பக்கத்திலிருந்து காலை நீட்டிப் பெடல்மேல் நிற்காத குறையாக இருந்தான்.

"பிரேக் பிடிக்குது" என்றான். "திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு வந்துடு. முன்சீட்டுல உன்கூட யாரு?"

"யாருமில்ல."

மத்தியானமே தாமிரக் குழாய் வாங்கி மேலே வரை இழுத்து மாட்டினேன். ஞாயிறன்று ஓடையில் இறக்கி அக்கரை ஏறி மிதித்துப் பார்த்தேன். பிடித்தது. இஞ்சினை அணைக்காமலே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.