கடைசிப் பாட்டில் கேட்காத சத்தம்

பெனிஷாவின் கட்டைவிரல் ஆக்சிஜன் மிசின் சுவிட்சின் மேலேயே இருந்தது. அழுத்தத்தான் மனசு வரவில்லை.

"அமுக்குடீ," என்றார் அப்பா பாஸ்கல். கட்டிலில் சாய்ந்து, இரண்டு கையாலும் மவுத் ஆர்கனைப் பிடித்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

"நாளிக்கு சிலிண்டர் வந்துடும் நைனா. அதுல இந்த எரைச்சல் வராது. ஒரு நாளு பொறுத்துக்கோ."

"நாளிக்கு ஆலன் கடைய மூடிடுவான். இன்னியோட ரிகார்டிங் முடியுது. சின்னூண்டு பாட்டுக்குப் பஞ்சாயத்து வெச்சிக்கினு கீறியே!"

அந்த ஆலன் கதை இதுதான். வாலிப வயதில் பாஸ்கல் கப்பலில் ஃபிட்டராக இருந்தார். கப்பல் பழுதாகி, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்றுபோனது. சாயங்காலங்களில் மவுத் ஆர்கன் வாசித்தவரை, கிடார் வைத்திருந்த நாலு பையன்கள் இழுத்துக்கொண்டு போய்த் தங்கள் முதல் ரிகார்டில் வாசிக்க வைத்தார்கள். பையன்கள் பிற்பாடு பெரிய பேர் வாங்கிவிட்டார்கள். இவர் ராயபுரத்துக்குத் திரும்பி, கல்யாணம் கட்டி, எண்ணூர்ப் பக்கம் ஆலைப் புகையில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டார். அந்த நாலு பேருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. ரொம்ப வருஷம் கழித்து ஒரு ஆல்பம் போடுகிறார்கள். கடைசிப் பாட்டில் அதே மவுத் ஆர்கன் வேண்டுமென்று அவர்களில் பாட்டுக்காரனான ஆலன் இவரைத் தேடிப்பிடித்துப் பேசினான். போனிலேயே பதிந்து அனுப்பினால் போதுமாம்.

அனுப்பினார்கள். இரண்டு தரம் அனுப்பியும் பின்னால் ஆக்சிஜன் மிசின் 'கர்ர், டொப்' என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கழுவி எடுக்கப் பார்த்தால் வாத்தியமும் சேர்ந்து போகிறது என்றான் ஆலன். ஒற்றை அறை வீடு. மிசினை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடும்."

அண்ணன் பெனிட்டோ வாங்கிவைத்த மிசின் அது. அதன் பக்கத்தில்தான் பாய் விரிப்பான். மணலிக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஒரே பேச்சுதான்: "எது நின்னாலும் மிசினு நிக்கக் கூடாது. உன்ன நம்பித்தான் போறேன்."

"அவன் கெடக்கறான். கட்டிப்போட்ட நாயாட்டம் இந்தக் கொயாயோடவே கீறேன். ஒரு பாட்டு, பெனிஷா. ஒண்ணே ஒண்ணு."

அமுக்கினாள்.

அறை சட்டென்று ஓய்ந்தது. பெனிஷா போனைப் பதிய வைத்தாள். பாஸ்கல் வாசித்தார். மெதுவான மெட்டு. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவர் மூச்சை இழுத்தது, ஈர மணலில் படகை இழுப்பதுபோல இருந்தது. விரலில் மாட்டிய மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. உதடு நீலம் பூத்தது. பெனிஷாவின் கை சுவிட்சுக்குப் போனது. அவர் கண்ணாலேயே 'பொறு' என்றார். பொறுத்தாள். பெற்ற அப்பனின் உதட்டைப் பார்த்துக்கொண்டு பொறுத்தாள், பாவம்.

கடைசிச் சுரம் அடங்கியதும் தட்டிவிட்டாள். மிசின் உறுமியது. எண் மெல்ல மெல்ல ஏறியது. "அனுப்பு," என்று சிரித்தார். பாதி டம்ளர் காபி குடித்தார். பொழுது சாய்வதற்குள், மிசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, போய்ச் சேர்ந்தார்.

ஓடி வந்த பெனிட்டோ முதலில் மிசினைத்தான் தொட்டுப் பார்த்தான்.

"கரண்டு போச்சா? நடுவுல நின்னுச்சா?"

"இல்லண்ணா. ஓடிக்கினுதான் இருந்துச்சு."

"நெசமா?"

"நெசமா."

மறுநாள் பாஸ்கல் கோட்டு மாட்டிக்கொண்டு சவப்பெட்டியில் படுத்திருந்தார். அவருடைய தோஸ்து மஜீது, போனை நீட்டிக்கொண்டு பெனிஷாவிடம் வந்தார். ஆலனுக்குச் சேதி சொன்னவர் அவர்தான்.

"யம்மா, ஸ்காட்லாந்து பார்ட்டி முழுப் பாட்டையும் அனுப்பிக்கீறான். ஸ்பீக்கர்ல போடவா?"

பெனிஷா போனைக் கையால் மூடினாள். "வாணாம் மாமா. அப்பால கேக்கலாம்."

"அப்பாலயா? அப்பால என் தோஸ்து மண்ணுக்குள்ள பூடுவான். வெள்ளக்காரனோட ரிகார்டு போட்டேன்னு அவன் உட்ட பீலாவ ஆயுசு பூரா கேட்டவன் நானு. இன்னிக்கித்தான் ருசு வந்துகீது!"

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

"போடு மாமா," என்றான் பெனிட்டோ.

கிடார்களும் கிழட்டுக் குரல்களும் ஒன்றொன்றாக ஒதுங்கின. மவுத் ஆர்கன் மட்டும் தனியே நின்றது. அதன் பின்னால் ஜன்னலோரக் காக்கை. தெருவில் போன கண்டெய்னர் லாரி. இழுத்து இழுத்து விட்ட மூச்சு. ஒன்றையும் கழுவாமல் விட்டிருந்தான் ஆலன். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

பெனிட்டோ அழவில்லை. தலையைச் சாய்த்து எதையோ தேடினான். அந்த மிசினோடு படுத்து எழுந்த காது அது. பாட்டு முடிந்தும் அசையாமல் நின்றான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கையிடம் வந்தான்.

"மிசினு சத்தம் இல்லியே."

அவள் சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனாவா நிறுத்தச் சொன்னாரு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உண்மையும் அதுதான். ஆனால் அமுக்கியது அவள் விரல்.

"நாந்தாண்ணா நிறுத்துனேன்."

சவ வண்டி தெருமுனையில் வந்து நின்றது. ஆண்கள் பெட்டியைச் சுற்றிக் கூடினார்கள். பெனிட்டோ தலைமாட்டுக்குப் போனான். எதிர்ப்பக்கம் தோள் கொடுக்க வந்தவரைக் கையால் தடுத்தான்.

"நீ வா," என்றான் தங்கையைப் பார்த்து.

"பொம்பளையா தூக்கறது? இன்னாப்பா இது?" என்றது ஒரு குரல். அவன் காதில் வாங்கவில்லை.

பெனிஷா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தோள் கொடுத்தாள். அவள் குள்ளம். பெட்டி அவள் பக்கம் சாய்ந்தது. பெனிட்டோ முழங்காலை மடக்கி, அவள் உயரத்துக்குத் தாழ்ந்து, தெருமுனை வரைக்கும் அப்படியே நடந்தான்.