ஜனாதிபதியின் வலது கை

ஜனாதிபதியின் வலது கை முதன்முதலாக அந்தரத்தில் நின்றது அவர் பதவியேற்ற இரண்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. தனக்குப் பிடிக்காத நீதிபதி ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேனாவை எடுத்தார். கை தோள் உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டது. இழுத்துப் பார்த்தார்கள். மெய்க்காவலர்கள் தொங்கியும் பார்த்தார்கள். நீதிபதியை நீக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்குக் கிடையாது என்பது மாளிகையில் எல்லோருக்கும் தெரியும். கைக்கும் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் அவர் அலுத்துப்போய், "தொலையட்டும், இருந்துட்டுப் போறான்" என்று மனதார விட்டார். கை தானாக மடியில் வந்து விழுந்தது. நினைப்பை விட்டால் இறங்கும், விடாதவரை இறங்காது. விதி அவ்வளவுதான்.

நாடு இதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வரி போட நினைத்தபோது கை நின்றது. பதவிக்காலத்தைக் கொஞ்சம் நீட்டினால் என்ன என்று குளியலறையில் யோசித்தபோது சோப்போடு நின்றது. தூதர்களை நியமிக்கும்போதும், மசோதாவைத் திருப்பி அனுப்பும்போதும், அணிவகுப்பில் படைகளின் வணக்கத்தை ஏற்கும்போதும் எண்ணெய் போட்ட கதவு மாதிரி அசைந்தது. மாளிகையின் சட்ட ஆலோசகருக்கு வேலை நின்றுபோயிற்று, சம்பளம் நிற்கவில்லை. அவர் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் வழக்குப் போடுவதை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடிமக்களாகிய எங்களுக்கு இதில் பெருமைகூட இருந்தது. மற்ற நாடுகளில் ஆட்சியாளரைத் தடுக்க ஜனங்கள் தெருவில் இறங்கி அடிவாங்க வேண்டியிருந்தது. எங்களுக்குச் சோபாவில் சாய்ந்திருந்தால் போதும். அந்தச் சோம்பலுக்கும் நடந்ததில் ஒரு பங்கு உண்டு.

கை நிற்பதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றே ஒன்று: சட்டை. நின்ற கையோடு சட்டையை மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. கடைவீதியில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். அவள் மணிக்கட்டிலிருந்து இடுப்புவரை பக்கவாட்டில் திறக்கிற மாதிரி, வெளியே தெரியாத பிரஸ் பட்டன் வைத்து ஒரு சட்டை தைத்தாள். அன்று முதல் மாளிகையில் அவள் பெயர் தையலம்மா. அவளுடைய தம்பி கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். கிடங்கு வாசலில் நடந்த தள்ளுமுள்ளில் அவன் தள்ளிவிட்ட ஆள் இரும்புப் படியில் தலை மோதி இறந்துபோனான். இறந்தவன் ஆளுங்கட்சித் தலைவருடைய தங்கை மகன். கீழே தொடங்கி மேலே வரை எல்லா நீதிமன்றமும் தூக்கு என்றே சொல்லிவிட்டன. இனி மிச்சமிருந்தது ஜனாதிபதியின் கருணை மட்டும். அந்த ஒரு அதிகாரத்துக்கு அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதைத் தெரிந்துகொண்டு கட்சித் தலைவர் முன்னதாகவே மாளிகைக்கு வந்தார். பிஸ்கட் சாப்பிட்டார். "கருணை மனு ஒண்ணு வரும். உங்களால முடியாதுன்னுதான் நினைக்கிறேன்" என்று வானிலையைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தடவை ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று சொல்கிற வாய் அந்த வாய்தான்.

ஒரு காலை, புதுச் சட்டையின் ஓரம் மடித்துக்கொண்டிருந்த தையலம்மா, உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தி முடித்துவிட்டுப் பேசினாள். "ஐயா, என் தம்பி விஷயம். நீங்க மனசு வச்சா போதும்னு சொல்றாங்க." ஜனாதிபதி நான்கு ஆறுதல் வார்த்தைகள் தயாராக வைத்திருந்தார். அவற்றை விட்டுவிட்டு மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார், கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார், அப்படியே நிறுத்திக்கொண்டார். பள்ளி நாடகத்தில் மரமாக நின்றதோடு அவருடைய நடிப்பு முடிந்திருந்தது. அந்த அனுபவம் போதுமானதாக இருந்தது. "பாத்தியாம்மா? எனக்கு ஆசைதான். கை விடமாட்டேங்குது."

அவள் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "வலிக்குமே ஐயா" என்று எழுந்து வந்தாள். பட்டன்களைத் திறந்து துணியைத் தளர்த்தினாள், தைக்க வைத்திருந்த துணியை மடித்து அக்குளுக்குக் கீழே கொடுத்தாள், உயரமான ஸ்டூல் ஒன்றை இழுத்து வந்து முழங்கைக்கு முட்டுக் கொடுத்தாள். "தம்பிக்குன்னு கேட்டு உங்களையும் கஷ்டப்படுத்திட்டேன்" என்றாள். ஜனாதிபதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலைச் செய்தியில் கையைக் காட்டினார்கள். கருணை காட்ட ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை என்று கையே சொல்லிவிட்டது என்றார்கள். சட்டப் புத்தகத்தை யாராவது திறந்திருக்கலாம். ஆலோசகர் பதினோராம் குறுக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். நாங்களும் உச்சுக் கொட்டிவிட்டு வேறு சேனலுக்குப் போனோம். சிறையில் தம்பியிடமும் சொன்னார்கள்.

பொய்யாக நிற்கிற கைக்கு நிஜமாக நிற்கிற கையைவிடப் பாடு அதிகம். நிஜமானது தானே நிற்கும். பொய்யை ஆள் தூக்கிப் பிடிக்க வேண்டும். கழிவறையில் மட்டும் இறக்கி உதறிக்கொண்டார். தையலம்மா தினமும் காலையில் ஒரு புதுத் திண்டோடு வந்தாள். முதலில் பழந்துணி அடைத்தது, பிறகு பஞ்சு, பிறகு தன் தலையணையைப் பிரித்து எடுத்த இலவம்பஞ்சு.

அந்த வாரக் கடைசியில் அவருடைய மனைவி, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, நிஜமா நின்னப்பல்லாம் விரல் ஐஸ் மாதிரி இருக்கும். இது வேர்த்து ஊத்துது."

"மெதுவா பேசு."

"மெதுவாதான் பேசறேன். அந்தப் பொண்ணு நேத்து வந்து, ஐயாவுக்குக் கொஞ்சம் தைலம் தேச்சுவிடட்டுமாம்மான்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

"தலைவர் சும்மா விடமாட்டார்."

"அவரு என்ன பண்ணுவாரு, பதவியைப் புடுங்குவாரு. புடுங்கட்டும். அவ மூஞ்சில முழிக்கத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அவர் கையை இறக்கி, தம்பியின் தண்டனையை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். ஒரு சின்னத் தடங்கலாவது இருக்கும் என்று எதிர்பார்த்தார். இல்லை. வெண்ணெயில் கத்தி மாதிரி ஓடியது. அது ஓடிய லகுவைப் பார்த்துத்தான் அவர் தலை குனிந்தது. கட்சித் தலைவர் அதன்பின் மாளிகைக்கு வரவில்லை; அடுத்த வேட்பாளராக வேறொருவர் பெயர் அடிபடத் தொடங்கியது.

தையலம்மாவைக் கூப்பிட்டு அவரே சொன்னார். "கை நிக்கலைம்மா. நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன்."

அவள் திண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஏன் ஐயா?"

கேள்வி சின்னதுதான். அவர் சட்டையின் பிரஸ் பட்டனைத் திறந்து மூடினார். அவளே, "தம்பிகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. உங்க கை சரியாகணும்னு அவன் உள்ளே வேண்டிக்கிட்டு இருந்தானாம்" என்றாள். திண்டை எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி வரவில்லை. சட்டைகள் மட்டும் ஆள் மூலமாக வந்தன, தையலில் ஒரு குறையும் இல்லாமல்.

விடுதலையான தம்பி நன்றி சொல்ல வந்தான். முப்பது வயதுகூட ஆகாதவன். ஜனாதிபதியால் முடியாது என்று கேள்விப்பட்ட அந்த வாரத்தில் தலை, புருவம், முன்னங்கை ரோமம்வரை அத்தனையும் வெளுத்திருந்தது. சிறை மருத்துவர் பார்த்துவிட்டு, மற்றபடி உடம்பு நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்திருந்தார்.

"ஐயா கை இப்பப் பரவாயில்லையா?" என்று கேட்டான்.

"பரவாயில்லைப்பா."

அவன் போய்க் கதவு மூடியதும் ஜனாதிபதி ஒரு தாளை இழுத்தார். தம்பி வெளுத்த அந்த வாரத்தை ரத்து செய்வதாக, தையலம்மா கேட்ட அன்றே தான் கையெழுத்திட்டதாக உத்தரவு எழுதப் பேனாவை எடுத்தார். கை தோள் உயரத்தில் நின்றது. விரல்கள் சில்லிட்டன. சட்ட ஆலோசகர் புதிரை மூடி வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். தண்டனையை ரத்து செய்யலாம், குறைக்கலாம், தள்ளிப்போடலாம் என்று வாசித்தார். ஏற்கெனவே அனுபவித்துவிட்டதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அந்த நினைப்பை விட்டுடுங்களேன், இறங்கிடும்" என்றாள் மனைவி.

"விட முடியலை."



மிச்சப் பதவிக்காலம் முழுவதும் கை இறங்கவில்லை. காரில் போகும்போது ஜன்னல் வழியாக அது தெரிந்தது. கையசைக்கிறார் என்று நினைத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் பதிலுக்கு அசைத்தார்கள். எங்களுக்கு வேறெப்படி நினைக்கத் தெரியும்? கிடங்கு வழியாக வண்டி போன ஒரு நாள், வெள்ளைத் தலைக்காரன் ஒருவன் முதுகு மூட்டையைக் கீழே இறக்கிவைத்தான், உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான், வண்டி திருப்பத்தில் மறையும்வரை கையசைத்துக்கொண்டே நின்றான். பிறகு குனிந்து மூட்டையைத் தூக்கினான்.