கராம்பு மணம் தேடி ஓடியவள்

பஸீர் முதலாளியின் கடையில் தராசு பொய் சொன்னாலும் றஸ்மியாவின் மூக்கு சொல்லாது என்று மாத்தளை வாசனைச் சரக்கு வியாபாரிகளிடையே ஒரு பேச்சு இருந்தது. பதினொரு வருடமாக, கராம்போ மிளகோ, அவள் முகர்ந்து தலையசைத்த பிறகுதான் மூட்டை உள்ளே போகும். அந்த மூக்குத்தான் எட்டு மாதமாக அவளைப் பழிவாங்கியது. விடிந்தால் இருபது தும்மல், பிறகு நாளெல்லாம் அடைப்பு.

"வியாழக்கிழம எல்கடுவயிலருந்து பன்னெண்டு மூட்ட கராம்பு வருது. அதுக்கும் மணம் தெரியலண்டா நுஸ்லாவத்தான் முகரச் சொல்லணும்" என்றார் முதலாளி. நுஸ்லா பொதி கட்டுபவள். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட றஸ்மியாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஒவ்வாமை என்று கிளினிக்கில் மருந்து தந்தார்கள். கூடவே ஒரு யோசனையும். ஒரு நிமிடம் மூச்சு வாங்க ஓடு, ஒரு நிமிடம் மெதுவாக நட, மறுபடி ஓடு. மூக்கு கொஞ்ச நேரத்துக்காவது திறக்கும்.

நாற்பத்திரண்டு வயதில், அபாயாவோடு, எங்கே போய் ஓடுவது? தெருவில் ஓடினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? மூன்று நாள் கடையின் பின்பக்க ஸ்டோரில் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே ஓடினாள். மூக்கு இன்னும் இறுகியது.

புதன்கிழமை கிளினிக் நர்ஸ் கேட்டாள்.

"எங்க ஓடுறீங்க?"

"ஸ்டோர்ல."

"என்ன ஸ்டோர்?"

"மிளகு."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்கு ஆகாததே தூசுதான். ஓடுறப்ப அது இன்னும் வேகமா உள்ள போகாதா? வெளியில ஓடுங்க."

அதன் பிறகு றஸ்மியாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

வியாழன் காலை பதினொரு மணிக்கு மூட்டைகள் வந்து இறங்கின. றஸ்மியா முதல் மூட்டையில் குனிந்தாள். ஒன்றுமில்லை. லொறியோடு வந்த வியாபாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவோரம் நின்ற நுஸ்லா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பிள்ளையின் இரக்கம்தான் றஸ்மியாவால் தாங்க முடியாததாக இருந்தது.

"பத்து நிமிஷம் தாங்க முதலாளி" என்றவள், பதிலுக்கு நிற்காமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

நம் ஊரில் ஒரு பெண் பட்டப்பகலில் தெருவில் ஓடினால் ஒன்று யாரோ இறந்த மௌத்துச் செய்தி, இல்லாவிட்டால் தீ. தையல்காரர் ஹுஸ்னி மெஷினை விட்டுவிட்டு எழுந்தார். "யாருக்கு என்ன ராத்தா?" என்று பின்னாலேயே ஓடினார். மருந்துக்கடைக்காரர் சேர்ந்தார். ஆட்டோ ஒன்றும் சேர்ந்தது. அவள் நடந்தால் அவர்களும் நடந்தார்கள், ஓடினால் ஓடினார்கள்.

"மூக்கு... மூக்கு!" என்றாள் றஸ்மியா. அதற்கு மேல் மூச்சில்லை.

"மூக்குல இரத்தமாம்" என்று யாரோ பின்னால் சொல்வது கேட்டது.

ஐந்தாவது ஓட்டத்தில் மூக்கின் வலது பக்கம் திறந்தது. வெட்கத்தையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். மூட்டையில் முகத்தைப் புதைத்தாள். கராம்பு! எட்டு மாதத்துக்குப் பிறகு, காரமும் இனிப்புமாய், அதே கராம்பு. அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தால் என்ன.

இரண்டு, மூன்று, ஆறு. ஏழாவதில் நின்றாள்.

"இது ஈரத்துல கெடந்தது. உள்ளுக்குப் பூஞ்சணம்."

"மேல பாருங்க, எவ்வளவு நல்லா ஈக்குது!" என்றார் வியாபாரி.

பஸீர் முதலாளி முழங்கை வரை கையை விட்டு அள்ளினார். உள்ளங்கையில் வெள்ளை பூத்த கராம்பு. அதைப் பார்த்தார், வாசலில் மூச்சிரைக்க நின்ற கூட்டத்தையும் பார்த்தார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல, போங்க" என்று கூட்டத்தை அனுப்பிவிட்டுத் திரும்பினார். "நாளைக்கி எத்தின மணிக்கு ஓடுவீங்க றஸ்மியா? அதுக்குப் பொறகு மூட்ட எறக்கச் சொல்றேன்."

மூக்கு மறுபடி அடைப்பதற்குள் முகர இன்னும் ஐந்து மூட்டை பாக்கி. றஸ்மியா எட்டாவதின் வாயைப் பிரித்தாள்.